மூன்று படகு, இரண்டு பகடை

போர்டு கேம் உருவாக்குவதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் பலர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பித்து அதிலேயே நின்றுவிடுகிறார்கள். கதை, கதாபாத்திரங்கள், நூறு அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் என்று பக்கம் பக்கமாக எழுதலாம். மேஜைக்கு மட்டும் ஒன்றும் வந்து சேராது. காகிதத்தைக் கோணல்மாணலாக வெட்டி, இரண்டு பகடையைப் பக்கத்தில் வைத்து, யாராவது ஒருவர் முதல் தடவை உருட்டும்போதுதான் ஆட்டம் பிறக்கிறது. அப்படிப் பிறந்து வளர்ந்த என் ஆட்டம் ஒன்றை, என்னென்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்ற கணக்கோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

கரு மிகவும் சிறியது. ஓர் ஆறு, ஒரே திசையில் ஓடுகிறது. அதில் மூன்று படகுகள். எந்தப் படகும் யாருக்கும் சொந்தமில்லை. எல்லோரும் எல்லாப் படகிலும் சரக்கு ஏற்றலாம். உன் முறை வந்தால் இரண்டு பகடையை உருட்டுகிறாய். ஒரு பகடையின் எண்ணுக்கு ஏதாவது ஒரு படகை நகர்த்த வேண்டும். மற்றதன் எண்ணுக்கு உன் நிறச் சரக்குக் காய்களை ஏதாவது ஒரு படகில் ஏற்ற வேண்டும். எந்தப் பகடை எதற்கு என்பது உன் விருப்பம். அவ்வளவுதான் ஒரு முறை.

ஆற்றில் 15 கட்டங்கள், கடைசியில் துறைமுகம். முதலில் சேரும் படகில் இருக்கும் காய் ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. வழியில் இரண்டு சுழல்கள்: 5ஆம் கட்டம் தாண்டியதும் ஒன்று, 10 தாண்டியதும் ஒன்று. சுழலைக் கடக்கும்போது படகில் 8 காய்க்கு மேல் இருந்தால், அதிகப்படியானவை விழுந்துவிடும். கடைசியாக ஏறியது முதலில் விழும். அதனால் சீக்கிரம் ஏற்றியவருக்குப் பாதுகாப்பான இடம், பிந்தியவருக்கு ஆபத்தான இடம்.

ஆற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆட்டத்தின் விதி எதைச் செய்கிறதோ அதையே அதன் கதையும் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற 'தி லேண்ட்லார்ட்ஸ் கேம்' இதற்கு நல்ல உதாரணம். நிலம் ஒரு சிலர் கையில் குவிவதன் கொடுமையைக் காட்டத்தான் அவர் அதை உருவாக்கினார். வாடகை கொடுத்துக் கொடுத்துக் கை காலியாகும்போது, யாரும் விளக்காமலே அந்தக் கருத்து உறைக்கும். பின்னால் வந்த மோனோபொலிக்கு மூலம் அதுதான். என் ஆட்டத்தில் படகு பின்னால் போகவே முடியாது; ஆறு என்று சொன்னதும் அந்த விதியைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கதையும் விதியும் ஒட்டிக்கொண்டால் விதிப் புத்தகத்தில் ஒரு பத்தி மிச்சம்.

முதல் முன்மாதிரிக்கு ஒரு மாலை நேரம் போதுமானதாக இருந்தது. ஏ4 தாளில் பென்சிலால் ஆறு வரைந்தேன். சரக்குக்குச் சட்டைப் பொத்தான்கள், படகுக்குத் தீப்பெட்டியின் உள்தட்டு. எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுவது இந்தக் கட்டத்தில் ரொம்ப முக்கியம். அழகாக அச்சடித்த எண்ணை அழிக்க மனசு வராது. பென்சில் எண்ணை ஆட்டத்தின் நடுவிலேயே அழித்து மாற்றலாம். சுழலின் வரம்பு முதலில் 6 என்று இருந்தது. மூன்று பேரின் இடத்தையும் நானே ஆடிப் பார்த்தபோது படகுகள் பாதிக்கு மேல் காலியாகப் போய்ச் சேர்ந்தன. அங்கேயே அழித்து 8 என்று எழுதினேன். தனியாக ஆடிப் பார்ப்பதால் ஆட்டம் சுவையாக இருக்கிறதா என்று தெரியாது. எண்கள் எங்கே உடைகின்றன என்று நன்றாகத் தெரியும்.

எண்கள் என்று வந்ததால் பகடைக் கணக்கைப் பார்த்துவிடலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

இரண்டு பகடையின் கூட்டுத்தொகை எப்படிப் பரவும் என்பது பலருக்குத் தெரியும்: 36 வழிகளில் 7 வருவது ஆறு வழி, 2 வருவது ஒரே வழி. கட்டான் என்ற போர்டு கேமில், பகடையில் விழும் கூட்டுத்தொகைக்குரிய நிலம்தான் பொருள் தரும்; அதன் எண் வில்லைகளில் எண்ணுக்குக் கீழே சிறு புள்ளிகள் இருப்பது இதற்காகத்தான். 6க்கும் 8க்கும் ஐந்து புள்ளி, 2க்கும் 12க்கும் ஒரு புள்ளி. கணக்குத் தெரியாதவரும் புள்ளியைப் பார்த்து இடம் பிடிக்கலாம். 1995இல் அது வெளிவந்தபோது அதை வடிவமைத்த கிளாவுஸ் டொய்பர் செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்தில் செய்த வேலை அது.

என் ஆட்டத்தில் கூட்டுத்தொகைக்கு வேலையே இல்லை. பெரிய பகடை, சிறிய பகடை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பகடை உருட்டினால் பெரியதன் சராசரி 161/36, அதாவது கிட்டத்தட்ட 4.47. சிறியதன் சராசரி 91/36, சுமார் 2.53. மூன்று படகும் 15 கட்டம் போக வேண்டும் என்றால் மொத்தம் 45 கட்டங்கள். எல்லோரும் பெரிய எண்ணால் படகை ஓட்டினால் ஒரு பயணம் சுமார் 10 முறைகளில் முடியும். எல்லோரும் சிறிய எண்ணால் ஓட்டினால் கிட்டத்தட்ட 18 முறைகள் ஆகும். துறைமுகத்தைத் தாண்டி வீணாகும் எண்களையும் சேர்த்தால் இன்னும் ஓரிரண்டு. ஒரு முறைக்கு 40 விநாடி என்று வைத்து மூன்று பயணம் ஆடினால், ஆட்டம் 20 நிமிடத்துக்கும் 36 நிமிடத்துக்கும் இடையில் முடியும். மூன்று பேர் ஆடினாலும் நான்கு பேர் ஆடினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் நேரத்தை முடிவு செய்வது படகுதான், ஆட்களின் எண்ணிக்கை இல்லை. இது தானாக வாய்த்த நல்ல குணம். அதன்பிறகு எந்த விதியை மாற்றினாலும் இந்தக் குணம் கெடாமல் பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது சரக்கு. எல்லோரும் பெரிய எண்ணால் ஏற்றினால் 18 முறைகளில் ஏறக்குறைய 80 காய்கள் வேண்டும். ஒரு படகுக்கு 14 இடம், மூன்றுக்கும் சேர்த்து 42. ஆகவே காய்களுக்கு வரம்பு வேண்டும். மேஜையில் மொத்தம் எப்போதும் 36 காய்கள் என்று முடிவு செய்தேன்: இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 18, மூன்று பேர் என்றால் 12, நான்கு பேர் என்றால் 9. சமமாக ஏறினால் படகுக்கு 12. சுழலில் 4 விழும். விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் பாதிச் சரக்கு போய்விடக் கூடாது. காய்கள் தீர்ந்தவர் படகை ஓட்ட மட்டும்தான் முடியும், அதனால் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் ஏற்றிப் பாதுகாப்பான இடம் பிடிப்பவருக்கும் ஒரு விலை இருக்கிறது.

அப்புறம் மேஜைக்கு ஆட்களை அழைத்தேன்.

ஆடிப் பார்க்க வருகிறவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். அன்பினால் சொல்வது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் கேட்பது வேறு: எந்த முறையில் அதிக நேரம் யோசித்தீர்கள்? எதைச் செய்ய ஆசைப்பட்டு முடியாமல் போனது? எப்போது உங்கள் கவனம் வேறு பக்கம் போனது? கேள்விகளைவிடக் கைகள் இன்னும் நிறையச் சொல்லும். பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, யார் எப்போது பகடையைக் கையில் வைத்தபடி தயங்கினார்கள், யார் மற்றவர் முறையில் போனை எடுத்தார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

முதலில் தெரிந்தது, கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்று. படகுத் தட்டை நகர்த்தும்போது உள்ளே இருக்கும் காய்கள் சரிந்து கலந்துவிடுகின்றன. கடைசியாக ஏறியது எது என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அது கலைந்தால் எல்லாம் போயிற்று. ஆட்டக்காரர்கள் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து மெல்ல மெல்ல நகர்த்தினார்கள். நீலக் காய் முதலில் ஏறியதா, மஞ்சளா என்று ஒரு சின்ன வாக்குவாதமும் வந்தது. அதனால் படகை இரண்டாகப் பிரித்தேன். ஆற்றில் நகர்வது ஒரு சிறு மரக்காய் மட்டும். சரக்கு ஏறும் இடம் பலகைக்கு வெளியே அசையாமல் இருக்கும் ஓர் அட்டை. அந்த அட்டையில் 10 மி.மீ. சதுரங்களில் 1 முதல் 14 வரை எண்கள். மேல் வரிசையில் எட்டு வெள்ளை, கீழ் வரிசையில் ஆறு சிவப்பு. 8 மி.மீ. மரக்காய்கள் அவற்றில் கச்சிதமாக உட்காரும். சுழலைக் கடக்கும்போது யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, சிவப்பில் இருப்பதை எடுத்துவிட்டால் முடிந்தது.

இரண்டாவது, ஒரு கேள்வியாக வந்தது. "5 விழுந்தால் அஞ்சையும் ஏத்தியே ஆகணுமா, கொஞ்சமா ஏத்தலாமா?" அதுவரை அதைப் பற்றி விதியில் ஒரு வரியும் இல்லை. விருப்பம்போல் ஏற்றலாம் என்றால் பெரிய எண் எப்போதும் நல்ல எண். ஏற்றியே ஆக வேண்டும் என்றால் 6 என்பது சில நேரம் சிக்கல். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து 6 விழும்போது மேஜையில் மகிழ்ச்சியும் பதற்றமும் சேர்ந்தே வருகின்றன, எனக்கு வேண்டியதும் அதுதான். விதியைப் பற்றி யாராவது சந்தேகம் கேட்டால் அவசரமாகப் பதில் சொல்லாதீர்கள். இரண்டு பதில்களையும் ஆடிப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட நிச்சயம் சுவையாக இருக்கும்.

மூன்றாவதுதான் என்னை நிறைய நாள் வேலை வாங்கியது. சிறிய எண்கள். 1-1, 1-2 உருட்டியவர்கள் பகடையை வெறுமனே பார்த்துவிட்டு, யோசிக்காமல் ஏதோ ஒன்றைச் செய்து முடித்தார்கள். அதோடு இன்னொன்றும் நடந்தது. சுழலில் விழுந்த காய்கள் ஆட்டத்தைவிட்டே போய்விடுவதால், ஒரு தடவை நிறைய இழந்தவர் அதன்பிறகு சிவப்பு இடங்களில் ஏற்றவே பயந்தார். ஆபத்தை விரும்பி எடுப்பதுதான் ஆட்டம். பயந்தவர் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் ஆகிவிட்டது.

முதலில் இரண்டு பிரச்சினைக்கும் தனித்தனி மருந்து தேடினேன். கூட்டுத்தொகை 4 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஒரு கயிறு வில்லை. அதைக் கொடுத்து விழப்போகும் ஒரு காயைக் கட்டிக் காப்பாற்றலாம். அப்படி உருட்ட 36இல் 6 வழி, ஆகவே ஆறு முறைக்கு ஒன்று. அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் யார் எத்தனை கயிறு வைத்திருக்கிறார்கள், எப்போது கொடுக்கலாம், இன்னொருவர் காயைக் கட்டலாமா என்று விதி நீண்டுகொண்டே போனது. விழுந்த காயைச் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்தும் பார்த்தேன். பயம் போயிற்று; கூடவே ஆபத்தும் போயிற்று. சுழலைப் பற்றி யாருமே கவலைப்படவில்லை.

பிறகு வந்த விதி இது: சுழலில் விழுந்த காய்கள் அடுத்த கட்டத்தில், அதாவது 6ஆம் கட்டத்திலோ 11ஆம் கட்டத்திலோ கரை ஒதுங்கும். எந்தப் படகாவது அந்தக் கட்டத்தில் சரியாக வந்து நின்றால் அவற்றை ஏற்றிக்கொள்ளும், வெள்ளை இடம் காலியாக இருக்கும் வரை.

இந்த ஒரு விதி இரண்டு வேலையையும் பார்த்தது. விழுந்த சரக்குக்கு மீட்சி உண்டு, ஆனால் அதற்குப் பாடுபட வேண்டும். 4ஆம் கட்டத்தில் ஒரு படகு நிற்கிறது, உன் காய்கள் 6இல் ஒதுங்கிக் கிடக்கின்றன என்றால் உனக்கு வேண்டியது 2தான்; 6 விழுந்து பயனில்லை. ஒரு குறிப்பிட்ட எண் இரண்டு பகடையில் ஒன்றிலாவது வர 36இல் 11 வழி, சுமார் 31 சதவீதம். இரண்டு படகுகள் வெவ்வேறு தூரத்தில் நின்றால் இரண்டு எண்களில் எது வந்தாலும் சரி. அப்போது 36இல் 20, பாதிக்கும் மேல். ஆகவே முன்கூட்டியே படகுகளைத் தோதான தூரத்தில் நிறுத்தி வைப்பது ஒரு திறமையாகிவிட்டது. எதிராளி நிறுத்தி வைத்த படகைச் சரியாக ஒரு கட்டம் நகர்த்தி அவர் திட்டத்தைக் கெடுக்கலாம், அதற்கு 1 வேண்டும். முன்பு யாரும் மதிக்காத 1, இப்போது கேட்டு வாங்கும் எண். கயிறு வில்லைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் புது விதி எதைச் சேர்த்தாலும், அது குறைந்தது இரண்டு இடத்தில் பயன்படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்கிறேன்.

கடைசி மாற்றம் மூன்றாவது படகைப் பற்றியது. இரண்டு படகு போய்ச் சேர்ந்தபின் நகர்த்த ஒன்றே ஒன்றுதான் மிச்சம். எதை நகர்த்துவது என்ற தேர்வே இல்லாத முறைகள் அவை. அந்த நேரத்தில்தான் கைகள் போனுக்குப் போயின. அதனால் இரண்டாவது படகு துறைமுகம் சேர்ந்ததும் பயணம் முடிந்தது என்று வைத்தேன். மூன்றாவது படகு, ஏற்றிய சரக்கோடு அப்படியே தொடக்கத்துக்குத் திரும்பி, அடுத்த பயணத்தில் அந்தச் சரக்கோடு கிளம்பும். பயணத்துக்கு இரண்டு மூன்று முறைகள் குறைந்தன. பின்தங்கியவருக்கு அடுத்த பயணத்தில் நல்ல இடங்கள் ஏற்கெனவே பிடித்து வைத்ததுபோல் ஆயிற்று. தோற்றுக்கொண்டிருப்பவருக்குக் கை கொடுக்கத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன், அது தேவைப்படவில்லை.

விதிகள் இவ்வளவு நிலைத்த பிறகுதான் நல்ல பிரதி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். பலகைக்கு 2 மி.மீ. சாம்பல் நிற அட்டை, ஏ4 அளவில் இரண்டு. சேர்த்து வைத்தால் 420 மி.மீ. நீளம், கட்டத்துக்கு 25 மி.மீ. என்றால் 15 கட்டமும் 375க்குள் அடங்கும். அட்டையை ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் கத்தி விலகும். இரும்பு அடிக்கோலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் லேசாக ஐந்தாறு தடவை இழுத்தால் ஓரம் நேராக வரும். தண்ணீர் கலந்த பசை தடவி ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் காயும்போது அட்டை வளையும். பின்பக்கமும் அதே கனத்தில் ஒரு தாளை ஒட்டி, புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் தட்டையாகவே இருக்கும். இரண்டு அட்டையையும் இணைக்கும் துணி டேப்பை முகப்புப் பக்கம் ஒட்டினால் இடைவெளி விடாமலே உள்பக்கமாக மடியும். பின்பக்கம் ஒட்டுவதென்றால் நடுவில் 4 மி.மீ. விட வேண்டும், இல்லாவிட்டால் மடக்கும்போது டேப் பிய்ந்து வரும்.

நிறங்களில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், முக்கியமாக ஆண்களில், நாம் நினைப்பதைவிட அதிகம். நான்கு நிறக் காய்களையும் வரிசையாக வைத்து, போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தேன். படத்தில் நான்கும் நான்கு அளவு கருமையில் தெரிந்தால் சரி. வெள்ளை, மஞ்சள், நீலம், கறுப்பு என்று எடுத்ததில் வெள்ளையும் மஞ்சளும் மட்டும் நெருங்கி வந்தன. மஞ்சளை ஆரஞ்சாக மாற்றினேன். காய்களின் எண்ணிக்கையிலும் சிக்கனம் உண்டு. நான்கு நிறத்திலும் 18 வைத்தால் 72 காய்கள். இரண்டு பேர் ஆடும்போது எந்த இரண்டு நிறம் என்று விதியே சொல்லிவிட்டால் 18, 18, 12, 9 என்று 57 போதும்.

கலைத்து ஆடும் சீட்டு எதுவும் இந்த ஆட்டத்தில் இல்லை. சீட்டுகள் உள்ள ஆட்டம் செய்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வழக்கமான சீட்டின் அளவு ஏறக்குறைய 63 x 88 மி.மீ.; ஏ4 தாளில் அப்படி ஒன்பது அடங்கும். சாதாரணத் தாளில் எழுதி வெட்டி, பிளாஸ்டிக் உறையில் ஒரு பழைய சீட்டுக்கு முன்னால் செருகிவிட்டால் கலைத்து ஆடலாம். மாற்ற வேண்டுமென்றால் தாளை மட்டும் உருவிவிட்டு வேறு செருகலாம். தடித்த தாளில் வண்ண அச்சு இப்போது வேண்டாம்.

விதிப் புத்தகம் ஒரு தாளின் இரண்டு பக்கம். எப்படி வெல்வது என்பதுதான் முதல் வரி. அதற்குப் பிறகு அடுக்கி வைக்கும் முறை, ஒரு முறையில் செய்ய வேண்டியது, படத்தோடு ஒரு முழு உதாரணம், கடைசியில் பயணம் முடியும் விதம். இதைச் சோதிக்க ஒரே வழி, ஆட்டத்தைப் பார்த்திராதவர்களிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது. உதடு வரை வரும் விளக்கத்தை அடக்குவது கஷ்டம்தான், ஆனால் அப்போதுதான் எந்த வரியை அவர்கள் இரண்டு தடவை படிக்கிறார்கள் என்று தெரியும். 'கடக்கும்போது' என்ற சொல்லில் எல்லோரும் நின்றார்கள்: 5இல் நின்றாலே கடந்த மாதிரியா? 'படகு சிவப்புக் கோட்டைத் தாண்டினால்' என்று எழுதி, பலகையிலும் 5க்கும் 6க்கும் நடுவே தடித்த சிவப்புக் கோடு போட்டேன். அந்தக் கேள்வி மறுபடி வரவில்லை.

யாராவது யோசனையைத் திருடிவிடுவார்களோ என்று பயந்து புதிதாக வருகிறவர்கள் ஆட்டத்தை ஒளித்து வைப்பதுண்டு. ஆட்டத்தின் விதிகளுக்கும் யோசனைக்கும் பதிப்புரிமை பொதுவாகக் கிடையாது. எழுதிய வாசகத்துக்கும் வரைந்த படத்துக்கும்தான் உண்டு. அதைவிட முக்கியம், யாரும் ஆடாத ஆட்டம் வளரவே வளராது. கேட்டவர்களுக்கெல்லாம் என் ஆட்டத்தின் படத்தையும் விதித் தாளையும் கொடுத்துவிடுகிறேன்.

இப்போது மீதி இருப்பது இரண்டு பேர் ஆட்டம். ஆளுக்கு 18 காய் என்பது கணக்குப்படி சரிதான். ஆனால் இருவரும் ஆளுக்கு ஒரு படகைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். சுழலுக்கு முன்னால் வரும் இழுபறி குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் மூன்றாவது படகு தானாக ஒரு கட்டம் நகரும் என்று வைத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். அப்படி வைத்தால் அது 15 முறைகளில் தானாகவே துறைமுகம் சேர்ந்துவிடும். காலியாகப் போகும் படகு இரண்டாம் இடத்தைப் பிடித்துப் பயணத்தை முடித்துவிடக்கூடும் என்பதால், இருவரில் ஒருவர் அதில் ஏற்றியே ஆக வேண்டும். பலகையில் அந்தப் படகுக்குப் பக்கத்தில் பென்சிலால் '+1' என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் ஆட வருகிறவர்களிடம் '+2'ஐயும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.